கடலில் கிடைத்த பழைய ஃபிஷிங் ரீல்... காயவைக்காதீங்க, காப்பாத்தலாம்!

ஓசூருக்குக் கடல் கிடையாது. ஆனா, வார விடுமுறை வந்தா பைக்கை எடுத்துக்கிட்டு ஈ.சி.ஆர், புதுச்சேரி, மங்களூருன்னு கிளம்புற தூண்டில் பிரியர்கள் இங்கே உண்டு. அப்படிப் போன இடத்தில், வலையில் சிக்கி வந்த பழைய ரீல் ஒன்று உங்க கைக்கு வருதுன்னு வைங்க. கைப்பிடி அசையாது. பாடி முழுக்க வெள்ளைப் பொடி, ஸ்க்ரூவில் துரு, உள்ளே மணல்.

உடனே காயலான் கடைக்குப் போடாதீங்க. அதேபோல, துடைச்சு வெயிலில் வைக்கவும் கூடாது. பலர் செய்யும் முதல் தப்பே அதுதான்.

உப்புதான் வில்லன்

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. ரீலைக் காயவைத்தால் தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும். உப்பு கியர் பல்லிலும் ஸ்க்ரூ மரையிலும் இறுகிவிடும். கூடவே காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் ஈரமும் சேர, துரு வேகம் எடுக்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. அலுமினிய பாடி, ஸ்டீல் ஸ்க்ரூ, நடுவில் உப்புத் தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்யும். அதில் கரைவது அலுமினியம்தான். நீங்க பார்க்கும் வெள்ளைப் பொடி அப்படி வந்ததே.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1864-ல் மூழ்கிய ஹன்லி என்ற நீர்மூழ்கிக் கப்பலை 2000-ல் வெளியே எடுத்தாங்க. எடுத்ததும் காயவிடாமல் நேராகத் தண்ணீர்த் தொட்டியில் வைத்தாங்க. இரும்புக்குள் ஊறிய உப்பை எடுக்க, 2014-ல் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைக்கத் தொடங்கினாங்க. உங்க ரீலுக்கும் இதே தத்துவம்தான். ஆனா காஸ்டிக் சோடா மட்டும் வேண்டவே வேண்டாம். இரும்புக்கு நல்லது செய்யும் அது, அலுமினியத்தை அரித்துவிடும்.

1. ஊறவைங்க

கிடைத்த இடத்திலேயே நல்ல தண்ணீர் நிரப்பிய டப்பாவில் போட்டு மூடி, அப்படியே வீட்டுக்குக் கொண்டு வாங்க. பழைய நரம்பை வெட்டி எடுத்து, பறவைகள் காலில் சிக்காதபடி துண்டுதுண்டா நறுக்கிக் குப்பையில் போடுங்க. பாடியில் யார் பெயராவது பொறித்திருக்கான்னும் பாருங்க. இருந்தா, உரியவரைத் தேடிப் பார்ப்பதுதான் நியாயம்.

நம்ம பக்கத்து போர் தண்ணீரிலேயே உப்பு அதிகம். அதனால ஆர்.ஓ தண்ணீரைப் பயன்படுத்துங்க. தினமும் தண்ணீரை மாத்துங்க. எத்தனை நாள்னு ஊகிக்க வேண்டாம், டி.டி.எஸ் பேனா போதும். புதுத் தண்ணீரின் அளவையும் 24 மணி நேரம் கழித்து வரும் அளவையும் குறிச்சு வைங்க. இரண்டும் தொடர்ந்து இரண்டு நாள் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், உப்பு பெரும்பாலும் வெளியேறிடுச்சுன்னு அர்த்தம்.

2. பிரிச்சு எடுங்க

ரீலில் இருக்கும் மாடல் எண்ணைத் தேடினால், பாகங்களின் வரைபடம் பல மாடல்களுக்கு இணையத்தில் கிடைக்கும். ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும்போதும் போட்டோ எடுங்க. இறுகிய ஸ்க்ரூவில் துரு தளர்த்தும் ஸ்ப்ரே அடிச்சு ஒரு இரவு விடுங்க. பிறகு ஹேர் டிரையர் சூட்டில் காட்டி, தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரால் திருப்புங்க. சில நட்டுகளுக்கு எதிர்ப்பக்க மரை இருக்கும். அடம்பிடித்தால் வரைபடத்தைப் பார்க்காம முறுக்காதீங்க.

ஸ்க்ரூ தலை உடைந்தால் பதற வேண்டாம். பைக், லாரி, வாட்ச் எல்லாம் தயாராகும் ஊர் இது. துளையிட்டு எடுத்துப் புது மரை போட்டுத் தர, பக்கத்திலேயே லேத் பட்டறை இருக்கும்.

இந்தக் கட்டத்தில் ஒரு முடிவும் எடுக்கணும். மெயின் கியரின் பல் தேய்ந்து, அந்த மாடலுக்குப் புது கியர் கிடைக்கலைன்னா, அல்லது பாடியே அரித்து ஓட்டையாகி இருந்தால், சுத்தம் செய்து அலமாரியில் அழகுக்கு வைங்க. அதில் பெரிய மீனை இழுக்க ஆசைப்படாதீங்க.

3. சுத்தம் பண்ணுங்க

அலுமினியப் பாகங்களுக்குப் பாத்திரம் கழுவும் லிக்விடும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். துருப்பிடித்த ஸ்டீல் பாகங்களை மட்டும் வினிகரில் கொஞ்ச நேரம் வைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி உடனே துடைச்சு எண்ணெய் பூசுங்க.

டாய்லெட் கழுவும் ஆசிட் பக்கமே போகாதீங்க. அதுவும் அலுமினியத்தைத் தின்னும். பிளீச்சோடு கலந்தால் விஷ வாயு வரும்.

4. பேரிங் மாத்துங்க

கடலில் கிடந்த பேரிங் சுத்தினாலும் நம்ப வேண்டாம், மாத்திடுங்க. வெர்னியரில் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்து பேரிங் கடையில் கேளுங்க. உதாரணத்துக்கு, 3 மி.மீ உள்விட்டம், 10 மி.மீ வெளிவிட்டம், 4 மி.மீ அகலம் என்றால் அது 623. திரும்பவும் கடலுக்குப் போறவங்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகையே கேட்டு வாங்குங்க.

5. கிரீஸ், எண்ணெய்

கியருக்குத் தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸ். ஸ்க்ரூ மரைகளிலும் லேசாகத் தடவினால், அந்தக் குட்டி பேட்டரி மறுபடி உருவாவது குறையும். ஆனா, கைப்பிடி பின்பக்கம் சுத்தாமல் தடுக்கும் ஒருவழி உருளை கிளட்ச்சில் கிரீஸ் வைக்கவே கூடாது. ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும். கிரீஸ் வைத்தால் அது வழுக்கும். மீன் இழுக்கும்போது கைப்பிடி பின்னால் சுழன்று விரலைப் பதம் பார்த்துடும்.

டிராக் வாஷர்கள் ஊறி நைந்திருந்தால் புதுசு போடுங்க. மீன் பலமாக இழுக்கும்போது நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது அவைதான்.

வீட்டிலேயே டெஸ்ட்

புது நரம்பு சுத்தி, முனையை லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசில் கட்டி இழுங்க. நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக் விட்டுக்கொடுக்கணும். 9 கிலோ நரம்பு என்றால் இரண்டேகால் முதல் மூன்று கிலோ. விட்டுவிட்டு வெட்டி இழுத்தால் திரும்பப் பிரிச்சுப் பாருங்க. அந்த வெட்டில்தான் நரம்பு அறுந்து, முள்ளோடு மீன் தப்பிப் போகும்.

தண்ணீரில் போடும் முன்...

வெள்ளோட்டத்துக்குக் கிருஷ்ணகிரி அணையோ ஒகேனக்கல்லோ மனசில் வரும். எங்கே போனாலும் மீன்வளத் துறையின் அனுமதி தேவையான்னு முதலில் கேட்டுக்கோங்க. காவிரியின் திமில் மஹ்சீர் மீன் அழிவின் விளிம்பில் இருக்கு. சிக்கினா, தண்ணீரை விட்டு அதிகம் தூக்காமல் திருப்பி விட்டுடுங்க.

கடலுக்குப் போய் வந்தால், டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊத்திக் கழுவுங்க. பிரஷர் பைப் வேண்டாம், அது உப்பை உள்ளே தள்ளிடும். பிறகு டிராக்கைத் தளர்த்தி நிழலில் உலர்த்துங்க. அஞ்சு நிமிஷ வேலைதான். இதை விட்டால், இத்தனை நாள் உழைப்பையும் உப்பு மறுபடி தின்ன ஆரம்பிச்சுடும்.