மாணிக்கக் குழியும் பங்குரிமையும்: மலையகத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கைதியாக வாழ்ந்து தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில், இரத்தினக்கற்கள் கிடைக்கும் சில இடங்களில் கூரிய கழுக்கள் நாட்டப்பட்டிருந்தமையைக் குறிப்பிடுகின்றார். அவ்வழியே செல்லத் துணிபவர் கழுவேற்றப்படுவர் என்பதே அவை உணர்த்திய செய்தி. மன்னனிடம் போதிய கற்கள் இருந்தமையால் மேலும் அகழ்வதில் அவனுக்கு நாட்டமில்லையாம். இதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட, 1344 ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்த இபின் பதூதா காட்டும் நிலைமையோ வேறு. ஒருவர் நிலத்தில் ஒரு பகுதியை விலைக்கு வாங்கி அதனை அகழ்வார். நூறு பணம் பெறுமதியுள்ள கல் மன்னனுக்குரியது, ஆயினும் மன்னன் அதற்கு விலை கொடுத்தே பெற்றான். அதற்குக் குறைந்தவை அகழ்ந்தவரிடமே தங்கின.

இவ்விரு குறிப்புகளையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, மண்ணுக்குள் கிடக்கும் மணி யாருக்குரியது என்னும் வினா இந்நாட்டில் மிகப் பழையது என்பது புலனாகும். அறவழியில் அகழப்பட்ட, அறவழியில் விற்கப்பட்ட இரத்தினக்கல் வேண்டும் என இன்று மேலைநாட்டுச் சந்தைகளில் எழும் குரலும் அவ்வினாவின் தொடர்ச்சியே. மலையகத் தோட்டப்புறத்தில் அதற்குக் கிடைத்துவந்த விடை எத்தகையது என்பது அதிகம் பேசப்படாத ஒன்று.

வட்டவளை இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. அதன் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரைக் கடக்கும். அதற்குத் தெற்கேயுள்ள மலைமுகடு இரு பேராறுகளின் நீரைப் பிரிக்கின்றது. வட்டவளைப் பக்கம் விழும் நீர் மகாவலியைச் சேர, மறுபுறம் பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியாப் பள்ளத்தாக்குகளில் விழும் நீர் கெகல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்பவற்றின் வழியே களனியை அடைகின்றது. இந்த மழையே மணிகளைத் தெரிந்தெடுத்த முதற்கைவினைஞன் எனலாம். மலைப்பாறை சிதைந்து கரைந்தோட, பாரமான கற்கள் ஆற்று வளைவுகளிலும் பள்ளத்தாக்கின் அடியிலும் தங்கிவிடும். மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்னும் ஒரே கனிமத்தின் இருவேறு நிறங்கள். (உலகின் கனிமவியலாளர் இன்று வழங்கும் 'கொறண்டம்' என்ற பெயர் இத்தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்ததே.) அதன் தன்னீர்ப்பு ஏறத்தாழ 4, சாதாரண படிகக்கல்லினது 2.65. மூங்கிற் கூடையில் சரளையை இட்டு நீரில் சுழற்றும் தொழிலாளி நம்பியிருப்பது இந்த வேறுபாட்டை மட்டுமே. மரகதம் இலங்கை மண்ணுக்கு உரியதன்று. அதன் இனமான பெரில் வகையில் வெளிர்நீல நிற அக்குவாமரீன் கிடைப்பதுண்டு. களனியின் தலைநீர்ப் பகுதியில் பொகவந்தலாவை நெடுங்காலமாகவே மாணிக்கத்துக்குப் பெயர்பெற்றுள்ளது.

மணி பொதிந்த சரளைப் படையைச் சிங்களத்தில் 'இல்லம்' என்பர். தமிழ்ச் செவிக்கு அச்சொல் வேறொன்றையும் நினைவூட்டும். அப்படையை எட்டும்வரை குழி தோண்டி, பக்கச் சுவர்கள் சரியாதபடி மரச் சட்டங்கள் இட்டு, அவற்றுக்கும் மண்ணுக்கும் இடையே பன்னத் தழைகளைத் திணித்து, ஊறும் நீரை இறைத்தபடியே வேலை நடைபெறும். இத்தொழிலில் நாட்கூலி முறையைக் காட்டிலும் பங்குமுறையே தொன்றுதொட்டு நிலவிவருகின்றது. நிலத்துக்குரியவருக்கு ஒரு பங்கு. அனுமதிப்பத்திரம் பெற்றவருக்கு ஒரு பங்கு. நீரிறைக்கும் இயந்திரம் தந்தவருக்கு ஒரு பங்கு. செலவுக்குப் பணமிட்டவருக்கு ஒரு பங்கு. குழியில் இறங்குவோருக்கு ஒரு பங்கு. கல் கிடைக்கும்வரை இறங்குவோருக்குச் சோறும் கைச்செலவுக்குச் சிறுதொகையுமே உண்டு. பங்கின் அளவு இடத்துக்கிடம் மாறுமாயினும், கல் எல்லோர் முன்னிலையிலும் கழுவப்பட்டு, எல்லோரும் அறிய விற்கப்பட வேண்டும் என்பது மரபு. மாதக்கணக்கில் தோண்டியும் ஒன்றும் அகப்படாமற் போவது சாதாரணம். எனினும், நட்டத்தையும் வாய்ப்பையும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது. பேரியந்திரங்களைக் கட்டுப்படுத்திச் சிறுகுழிகளை ஊக்குவித்த இலங்கையின் கொள்கை இம்மரபைக் காத்துவந்துள்ளது. இதனைக் குறைத்து மதிப்பிடலாகாது.

ஆனால் அந்தப் பங்குவரிசையின் தலையில் நிற்பது நிலம். மலையகத்தின் சிக்கல் அங்கேதான் தொடங்குகின்றது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழிசெய்தது. அவ்வாறு கொள்ளப்பட்ட மலைகள் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டன. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. 1884 இல் புகையிரதப் பாதை வட்டவளையைக் கடந்து ஹட்டனை எட்டியது. மண்ணின் மேற்பரப்பில் விளைந்த கொழுந்திலேயே கம்பனிகளின் கண் இருந்தது. அக்கொழுந்தைப் பறிக்கக் கங்காணிமாரால் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டோர் லயன்களில் குடியிருத்தப்பட்டனர். மலையின் பழைய கிராமத்தவர் நிலத்தை இழந்தனர். புதிதாய் வந்தவர் நிலத்தைப் பெறவில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பின்னையோரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகை குறித்து இரு நாடுகளுக்குமிடையே பங்கிட்டது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் நிறைவேறியது.

இரத்தினக்கல் வணிகம் நவீன வடிவம் பெற்றது இவர்கள் நாடற்றோராய் இருந்த அதே காலத்தில் என்பது நோக்கற்பாலது. 1971 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டத்தால் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. ஏற்றுமதியாளர் தாம் ஈட்டிய அந்நியச் செலாவணியில் ஒரு பகுதியைத் தாமே வைத்துக்கொள்ள 1972 இல் இடமளிக்கப்பட்டதும், அதுவரை களவாக வெளியேறிய கற்கள் சுங்கத்தின் வழியே செல்லத் தொடங்கின. பதிவான ஏற்றுமதி பன்மடங்காகியது. அதே ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992 இல் முகாமை பிராந்தியக் கம்பனிகளுக்குக் கைமாறியது. வட்டவளையின் பெயரைத் தாங்கிய கம்பனியும் அவற்றுள் ஒன்று. நிலம் அரசினதாகவே இருந்தது. கூட்டுத்தாபனத்தின் இடத்தில் 1993 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டம் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையை அமைத்தது. அனுமதிப்பத்திரமின்றி அகழ்வது குற்றம். தனியார் நிலமாயின் உரித்தாளரின் சம்மதம் வேண்டும். அரச காணியாயின் அகழும் உரிமை ஏலத்தில் விடப்படும். குழியை மூடுவதற்குப் பிணைப்பணம் கட்டவேண்டும். இவை நல்ல விதிகளே. ஆயினும் ஏலத்தில் விலை கூறுவதற்குக் கையில் முதல் வேண்டும். லயன் அறையில் வாழ்பவர் பங்குவரிசையில் நிலமும் தர இயலாது, அனுமதிப்பத்திரமும் தர இயலாது, இயந்திரமும் பணமும் தர இயலாது. அவரால் தரக்கூடியது உடலுழைப்பு ஒன்றே.

அதன் விளைவைப் பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பகுதிகளில் காணலாம். ஓடைக் கரைகளிலும் தேயிலை மலைகளின் அடிவாரத்திலும் இரவில் அனுமதியின்றித் தோண்டுவதும், பொலிசார் சுற்றிவளைப்பதும், கைதாவோர் நீதிமன்றம் செல்வதும் அடிக்கடி செய்தியாகின்றன. பிடிபடுவோர் குழியில் நிற்பவர்; கல்லை வாங்கக் காத்திருப்பவர் குழியில் நிற்பதில்லை. களவாகத் தோண்டியவர் கல்லைக் களவாகவே விற்கவேண்டும். எல்லோரும் அறிய விற்கும் மரபு அவருக்குப் பயன்படாது. கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியவர் அவர். மண்ணுக்கும் கேடு உண்டு. பிணைப்பணம் கட்டாத குழியை மூடுவோர் இல்லை. கிளறிய மண் 1965 இல் அமைந்த காசல்ரீ, 1969 இல் அமைந்த மவுசாகலை நீர்த்தேக்கங்களை நோக்கிச் செல்கின்றது. வட்டவளையைப் போன்ற மழைநிலத்தில் திறந்து கிடக்கும் ஒரு குழி, ஒரு பருவமழையில் ஒரு சரிவையே கீழே இறக்கிவிடும்.

குழிக்கு வெளியே, சந்தையில், அறியாமையின் விலை எவ்வளவு என்பதற்கு 'கெவுட' என்னும் கல்லின் கதை சான்றாகும். பால்போல் மங்கிய இக்குருந்தக் கல்லுக்கு இலங்கையில் மதிப்பிருக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வணிகர் அதனை அற்ப விலைக்கு வாங்கிச் சென்று, 1,600 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட உலைகளில் சூடாக்கினர். உள்ளிருந்த நுண்ணிழைகள் கரைந்து கல் தெளிவுற்று நீலமாயிற்று. இலாபம் பாங்கொக்கில் தங்கியது. பேருவளைச் சீனன்கோட்டை வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கல்லறிந்தவர்கள்; அவர்களே ஏமாந்த சந்தையில் தோட்டத்து மனிதரின் நிலை கூறாமலே விளங்கும்.

உலகச் சந்தையின் அறவிதிகள் இவ்விடத்துக்கு எட்டியுள்ளனவா? 2003 இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி ஏற்பாடு பட்டை தீட்டாத வைரத்துக்கு மட்டுமே உரியது. நிறக்கற்களுக்கு அத்தகைய அரசுகளுக்கிடையிலான உடன்பாடு இல்லை. சாம்பியாவின் ககெம் மரகதச் சுரங்கத்தில் 75 வீதம் ஜெம்பீல்ட்ஸ் நிறுவனத்துக்கும் 25 வீதம் அந்நாட்டு அரசுக்கும் உரியன. 2009 முதல் அதன் கற்கள் தரம்பிரித்து ஏலத்தில் விற்கப்படுகின்றன. கணக்கு வெளிப்படையாயிற்று. கொலம்பியாவின் முசோ அனுபவம் மலையகத்துக்கு இன்னும் நெருக்கமானது. சுரங்க முதலாளிகளின் நெடுநாட் கொலைப்போர் 1990 இல் கத்தோலிக்கத் திருச்சபையின் இடையீட்டால் ஓய்ந்தது. அந்தக் கொடிய காலத்திலும், சுரங்கத்தார் ஆற்றில் தள்ளிய கழிவுமண்ணைத் துழாவும் உரிமை 'குவாக்கெரோ' எனப்பட்ட ஏழைகளுக்கு இருந்தது. பின்னர் தொழில் ஒழுங்குபெற்றுச் சுரங்கவழிகளுக்குள் நகர்ந்ததும், கழிவுமண் நின்றது. அவர்களின் பிழைப்பும் நின்றது. ஒழுங்கு என்பது யாரை உள்ளே வைத்து வரையப்படுகின்றது என்பதை முசோ நன்கு காட்டுகின்றது.

இன்று கொழும்பிலோ சுவிற்சர்லாந்திலோ உள்ள ஆய்வுகூடம், கல்லின் உட்பொதிவுகளை நுணுக்குக்காட்டியில் நோக்கி 'இலங்கை' என்று சான்று தர வல்லது. அச்சொல்லே விலையை உயர்த்துகின்றது. எந்தப் பள்ளத்தாக்கு, யாருடைய குழி என்பதை அச்சான்று கூறாது. தோட்டங்களில் தொழிலாளரை உறுப்பினராகக் கொண்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் இயங்கிவருகின்றன. அரச காணியில் அகழும் உரிமையை ஏலத்துக்கு விடுமுன், அக்காணியிலேயே நான்கைந்து தலைமுறையாக வாழ்வோரின் இத்தகைய சங்கம் ஒன்றுக்கு ஒரு துண்டையேனும் ஒதுக்கினால், அனுமதிப்பத்திரக்காரரின் பங்கு லயனுக்கு வரும். குழியை மூடும் பொறுப்பும் கீழ்மலையில் குடியிருப்போரின் கைக்கே வரும். குழியின் பழைய மரபு இதற்குத் தடையாகாது. யார் எதைக் கொண்டுவந்தார் என்று மட்டுமே அது கேட்கும்.