மறை ஐதரசன் அயனும் சந்திரசேகரின் கணிப்பும்

மாத்தளை மாவட்டத்துப் பல்லேகமவிலே களுகங்கை நீர்த்தேக்கத்தின்மீது படியும் வெயில், ஞாயிற்றை விட்டுப் புறப்படுமுன் விந்தையான ஓர் அயனின் தடையைக் கடந்தே வருகின்றது. ஐதரசன் அணு தன் ஒற்றை இலத்திரனோடு இன்னுமொன்றைப் பற்றிக்கொள்ளும்போது தோன்றும் மறை ஐதரசன் அயனே அது. ஞாயிற்றின் ஒளிமண்டலத்திலே கட்புலனாகும் ஒளியைப் பெரிதும் உறிஞ்சுவது இவ்வயனே என்னும் கருத்தை ரூப்பேட் வில்ட் 1939இல் முன்வைத்தார். ஆயின் அதனை எண்களால் நிறுவுதல் எளிதாயிருக்கவில்லை.

ஐதரசன் அணுவின் சக்தி, அணு அலகில், -0.5 ஆகும். இரண்டாம் இலத்திரன் நிலைத்திருக்க வேண்டுமெனின் அயனின் சக்தி அதனினும் தாழ்ந்திருத்தல் வேண்டும். இரு இலத்திரன்களும் ஒரே பரப்பில் உலவுவனவாகக் கொண்டு எளிய அலைச்சார்பொன்றாற் கணித்தால் விடை -0.4727 ஆகின்றது. அச்சார்பை எவ்வளவு செப்பஞ்செய்யினும் -0.4879இற்குக் கீழே செல்லவியலாது. அஃதாவது, கணக்கின்படி இத்தகைய அயனே இருத்தலாகாது! கூட்டலிலோ பெருக்கலிலோ தவறில்லை. தவறு எடுகோளில் இருந்தது. இலத்திரன்களுக்கிடையிலான தூரத்தையும் அலைச்சார்பிற் புகுத்தி, அயன் நிலைபெறும் என்பதைப் பெத்தே 1929இலும் ஹிலராஸ் 1930இலும் காட்டியிருந்தனர். எனினும் எளிய கணிப்பு ஏன் தோற்றது என்பதைத் தெளிவுற விளங்கவைத்தவர் சந்திரசேகர் எனலாம்.

லாகூரிற் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர், 1937 முதல் அமெரிக்காவின் யேர்க்கீஸ் வானாய்வு நிலையத்திற் பணியாற்றிவந்தார். 1944இல் வெளியிட்ட கட்டுரையில், ஓர் இலத்திரனைக் கருவின் அண்மையிலும் மற்றதை வெகு தொலைவிலும் உலவவிட்டார். எது எதுவென வேறுபடுத்தலாகாமையால், இரண்டும் இடம் மாறிய வடிவையும் கூட்டிக்கொண்டார். இரண்டே மாறிகள், விடை -0.5133. அயன் நிலைபெற்றது.

சக்தி ஒழுங்காக அமைந்தால் ஏனையவும் ஒழுங்காகும் என எண்ணுதல் இயல்பே. அவ்வெண்ணமும் பிழைத்தது. ஒளியுறிஞ்சலைக் கணிக்கும் சூத்திரங்கள், கொள்கையளவிற் சமமானவையாயினும், அண்ணளவான அலைச்சார்பைப் புகுத்தியபோது வெவ்வேறு விடைகளைத் தந்தன. 1945இற் சந்திரசேகர் காரணத்தைக் கண்டார். இலத்திரனின் தூரத்தைக் கொண்டமைந்த வழக்கமான சூத்திரம் அயனின் வெளிப்புறத்தையே பெரிதும் சார்ந்திருந்தது. சக்தியை இழிவாக்கிப் பெற்ற அலைச்சார்போ உட்புறத்திலேயே கூடிய நம்பிக்கைக்குரியது. எனவே உந்தத்தைக் கொண்ட சூத்திரத்தை அவர் தெரிந்தெடுத்தார். அடுத்த ஆண்டிலே, குய்தோ முன்ச்சுடன் சேர்ந்து, ஞாயிற்றின் தொடர் நிறமாலையை இவ்வயனைக் கொண்டு விளக்கினார்.

இன்று இரசாயனத் தாக்கங்களை ஆராய்வோர் சை4, பைஎஸ்சிஎஃப் முதலிய திறந்த மூல மென்பொருள்களைக் கையாளுகின்றனர். கணிப்பு ஒருங்காது நின்றுவிடின், தொடக்க ஊகத்தையோ வழிமுறையையோ மாற்றிப் பார்ப்பர். செவ்வனே முடிந்து பொய்விடை தரும் கணிப்பே இடர் மிக்கது. கணினி அதைப்பற்றி எச்சரிப்பதில்லை. அத்தகையவற்றுட் சிலவற்றை வெளிக்கொணரவே இவ்விரு மென்பொருள்களிலும் உறுதிநிலைச் சோதனை உண்டு. சோடியாகக் கட்டுண்ட இலத்திரன்களை வெவ்வேறு பரப்பில் விட்டாற் சக்தி தாழுமோ என அது சோதிக்கின்றது. மறை அயன்களாயின், தொலைவிற் படரும் சார்புகளையும் சேர்க்குமாறு மாணவர்க்குக் கூறப்படுகின்றது. சந்திரசேகரின் இரு மாறிகளும் 1.039, 0.283 என்பன. முன்னையது தனி ஐதரசன் அணுவுக்குரிய 1இலிருந்து சிறிதே வேறுபடுவது. பின்னையது அத்தகைய படர்ந்த சார்பொன்றினது.