அமர இயலாதோரும் நமது மேய்ப்புப் பணியும்

சீலோவிலே அன்னாளின் உதடுகள் அசைவதைக் கண்ட ஆசாரியனாகிய ஏலி, அவளை மதுவருந்தியவள் என்று தீர்த்தான். வெளியசைவைக் கண்டான், உள்வேதனையை வினவவில்லை. மனநல மருத்துவ வரலாற்றிலும் இத்தகைய பிழை நேர்ந்துள்ளது.

1901ஆம் ஆண்டில் பிராக் நகர மருத்துவர் லாடிஸ்லாவ் ஹாஸ்கோவெட்ஸ், உட்கார்ந்தவுடன் தம் விருப்பத்திற்கு மாறாகத் துள்ளியெழுந்த இரு நோயாளரைக் குறித்து எழுதினார். அந்நிலைக்கு அவர் இட்ட பெயர் 'அக்கத்தீசியா'. கிரேக்கம் கற்கும் நம் மாணவர் 'அமராமை' என்னும் அதன் பொருளை எளிதில் உணர்வர். அக்காலத்தில் இதற்கு மருந்து காரணமன்று. ஹிஸ்டீரியா போன்ற நரம்புக் கோளாறுகளோடு அவர் இதனைத் தொடர்புபடுத்தினார்.

1952இல் பாரிஸ் மாநகரின் செயிண்ட் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் என்னும் மருத்துவர்கள் மனநோயாளருக்குக் குளோர்ப்ரோமசின் அளித்தனர். கொந்தளித்த பலர் அமைதியடைந்தனர். அதே காலத்தில், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரினின்று பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பினும் வழக்கத்திற்கு வந்தது. ஆயினும் இம்மருந்துகளை உட்கொண்டோரில் சிலர் உட்காரவும் நிற்கவும் இயலாது ஓயாமல் நடந்தனர். ஹாஸ்கோவெட்ஸ் இட்ட பெயரே இதற்கும் வழங்கலாயிற்று.

இங்கேதான் ஏலியின் பிழை மீண்டும் நிகழ்ந்தது. அமைதிப்படுத்தும் மருந்தே அமைதியைக் குலைக்கும் என்று எளிதில் எவரும் ஐயுறார். எனவே நோய் முற்றிவிட்டதெனக் கருதி மருந்தின் அளவைக் கூட்டினர், தவிப்பும் கூடிற்று. நோயாளி மருந்தை மறுத்தால் முரடன் எனப்பட்டான். 1975இல் அமெரிக்க மருத்துவர் வான் புட்டன் இம்மயக்கத்தைத் தெளிவாக எடுத்துரைத்தார். தாங்கொணாத் தவிப்பு சிலரைத் தற்கொலை எண்ணத்திற்கும் பிறரைத் தாக்கும் செயலுக்கும் தள்ளக்கூடும் என்பதையும் மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. 1989இல் பிரிட்டனில் பார்ன்ஸ் வகுத்த அளவுகோல், மருத்துவர் காண்பதோடு நோயாளி தாமே உரைக்கும் வேதனையையும் கணக்கிற்கொண்டது. நோயாளியின் சொல்லும் சான்றாயிற்று. மருந்தின் அளவைக் குறைத்தல், வேறு மருந்திற்கு மாற்றுதல், புரோப்ரனலால் அளித்தல் ஆகியவை பலருக்குத் துணைசெய்கின்றன.

இவ்வரலாறு மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. சபையாரின் இல்லங்களில் இத்தகையோரைச் சந்திக்கும் நாமும், சில வேளைகளில் இதனைப் பிடிவாதமென்றும் அசுத்த ஆவியின் செயலென்றும் அவசரமாகத் தீர்த்ததுண்டு. 'மருந்தை நிறுத்திவிடு' என்று கூறுதலும் நமது வேலையன்று. அதனால் நோய் மீளக்கூடும். "உம் உள்ளத்திலும் கால்களிலும் என்ன நேர்கிறது? மருந்து தொடங்கிய பின்னரோ, அளவு கூடிய பின்னரோ இது வந்தது?" என்று பொறுமையுடன் வினவி, அவ்விடையை மருத்துவரிடம் தாமதமின்றிச் சேர்ப்பித்தலே நம் கடமை.

ஏலி, அன்னாளின் மறுமொழியைக் கேட்ட பின்னரே அவளைச் சமாதானத்தோடே அனுப்பினான். செவிசாய்த்தல் இன்றி ஆசீர்வாதம் இல்லை.