அவையின் மொழியும் தொகுதியின் மொழியும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரும் அவர்தம் மக்கள் பிரதிநிதிகளும்

முன்னுரை

மக்கள் பிரதிநிதிக்கு இரு கடமைகள் உண்டு. தொகுதியின் குரலை அவைக்குக் கொண்டு செல்வது ஒன்று. அவையில் நிகழ்ந்தவற்றைத் தொகுதிக்குக் கொண்டு வருவது மற்றொன்று. மலேசிய இந்தியர் அரசியல் வரலாற்றை எழுதியோர் முதற்கடமையைப் பற்றி விரிவாகவே பேசியுள்ளனர். எந்த மசோதா வந்தது, அதன்மீது தாம் கொண்ட கருத்து யாது, எப்பக்கம் வாக்களித்தார், ஏன் அவ்வாறு வாக்களித்தார் என்று தம்மை அனுப்பியவர்களிடம் கணக்கு ஒப்புவிக்கும் இரண்டாம் கடமை அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத் தமிழரை முன்னிறுத்தி அவ்விரண்டாம் கடமையின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இக்கடமை பற்றிய விவாதம் பழமையானது. 1774ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகர வாக்காளரிடையே எட்மண்டு பர்க் ஆற்றிய உரை இதில் அடிக்கடி சுட்டப்படுவதாகும். உறுப்பினர் என்பவர் தொகுதியின் கட்டளையை அப்படியே நிறைவேற்றும் தூதர் அல்லர், தம் அறிவாலும் மனச்சான்றாலும் முடிவெடுக்கக் கடமைப்பட்டவர் என்பது அவர் கொள்கை. அக்கொள்கைக்கு அவர் விலையும் கொடுத்தார். 1780இல் அதே நகரில் ஆதரவு குன்றியமை கண்டு போட்டியிலிருந்து விலகினார். இவ்விவாதத்தில் யாரும் எடுத்துரைக்காத ஓர் அடிப்படை உண்டு. பர்க்கும் அவர்தம் வாக்காளரும் ஒரே மொழி பேசினர். அவர் அவையில் பேசியதையும் தொகுதியில் பேசியதையும் வாக்காளர் ஒப்பிட்டுப் பார்க்க இயன்றது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்களிலும் இரயில்வே குடியிருப்புகளிலும் வாழ்ந்த தமிழர்க்கு அந்த வாய்ப்பு இருந்ததா என்பதே நம் வினா.

தொகுதியில்லாப் பிரதிநிதிகள்

கூட்டரசு மலாய் மாநிலங்களுக்கான ஆலோசனை மன்றம் 1909இல் அமைக்கப்பெற்றது. வழக்கறிஞர் வீராசாமி 1928இல் அதன் முதல் இந்திய உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். இந்தியச் சமூகத்திற்கு இது பெருமை தந்த நிகழ்வே. எனினும் நியமனம் பெற்றவர் நியமித்தவருக்குக் கடமைப்பட்டவர் ஆவாரேயன்றி, வாக்காளர் என ஒருவர் இல்லாத நிலையில், வேறு யாருக்கும் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர் அல்லர்.

அக்காலத்தில் தோட்டப் பாட்டாளிகளின் குரலாக விளங்கியவர்கள் மன்றத்திற்கு வெளியிலேயே இருந்தனர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தங்கள் இதற்குச் சிறந்த சான்றாகும். அவற்றை முன்னின்று நடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைவர் ஆர். எச். நாதன், தமிழ் நேசன் நாளிதழின் துணையாசிரியர் ஆவார். அவ்வாண்டு மே மாதம் அவர் கைது செய்யப்பெற்றார். பின்னர் நாடு கடத்தப்பெற்றார். அவருடைய கைதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் படையினரின் துப்பாக்கிச் சூட்டுக்குத் தொழிலாளர் பலியாயினர். சட்டமியற்றும் மன்றத்தில் இடமில்லாத ஒருவர், தமிழில் எழுதியும் தமிழில் பேசியும், தொழிலாளரிடம் நேரடியாகப் பொறுப்பேற்று நின்றார் என்பது இங்குக் கருதத்தக்கது. பின்னாளில் மன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றோர் அனைவரும் இந்த அளவுகோலாலும் அளக்கப்பட்டனர்.

1948இல் அமைந்த கூட்டரசுச் சட்டமன்றத்தில் 75 உறுப்பினர் இடம்பெற்றனர். அதிகாரிகள் அல்லாத 50 பேரில் மலாய்க்காரர் 22, சீனர் 14, ஐரோப்பியர் 7, இந்தியர் 5, இலங்கையர் ஒருவர், யுரேசியர் ஒருவர் எனப் பகிர்வு செய்யப்பெற்றது. இவர்களும் நியமன உறுப்பினரே. சமூகத்தின் பெயரால் அமர்ந்தனர். ஆனால் சமூகம் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை.

வாக்குச் சீட்டின் வருகை

1952 பிப்ரவரியில் நடைபெற்ற கோலாலம்பூர் நகராட்சித் தேர்தல் இந்நிலையை மாற்றத் தொடங்கியது. அவ்வாண்டு பங்சார் வட்டாரத்தில் வென்ற தேவகி கிருஷ்ணன், மலாயாவில் தேர்தல் வழியாகப் பொதுப்பதவிக்கு வந்த முதல் பெண்மணி ஆவார். குப்பை, குழாய்நீர், சாலை ஆகியவையே நகராட்சியின் பொருள்கள். வாக்களித்தவர் வாசலுக்கே உறுப்பினர் வந்து விடை சொல்லும் வழக்கம் அங்கேதான் வேரூன்றியது.

1955 ஜூலையில் நடைபெற்ற முதற்பொதுத் தேர்தலில் பதிவு பெற்ற வாக்காளருள் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். இந்தியர் பங்கு மிகச் சிறிது. குடியுரிமை பெற்றோர் தொகை உயர்ந்த பின்னர், 1959 ஆகஸ்டுத் தேர்தலில் இரு வேறு வகைப் பிரதிநிதிகள் இவ்வட்டாரத்திலிருந்து மக்களவைக்குச் சென்றனர். கிள்ளான் தொகுதியில் ம.இ.கா.வின் வெ. மாணிக்கவாசகம் வென்றார். பங்சார் தொகுதியில் சோசலிச முன்னணியைச் சேர்ந்த தொழிற்சங்கவாதி வி. டேவிட் வென்றார். முன்னவர் ஆளுங்கூட்டணியில் இருந்துகொண்டு அரசின் முடிவைத் தொகுதிக்கு விளக்கும் நிலையினர். பின்னவர் அரசின் முடிவை எதிர்த்து வாக்களித்துவிட்டு, அந்த எதிர்ப்பால் பயன் யாது என்று தொகுதிக்கு விளக்கும் நிலையினர்.

1964 ஏப்ரலில் டேவிட்டைத் தோற்கடித்தவர் மக்கள் செயல் கட்சியின் சி. வி. தேவன் நாயர். மலேசியத் தீபகற்பத்தில் அக்கட்சி பெற்ற ஒரே வெற்றி அதுவே. 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் பிரிந்தபோது, அவர் அனுப்பப்பெற்ற கட்சி வேற்று நாட்டுக் கட்சியாயிற்று. ஆனால் தொகுதி இங்கேயே இருந்தது. அவர் 1969 வரை பங்சார் உறுப்பினராகத் தொடர்ந்து, 1966இல் பதிவு பெற்ற ஜனநாயகச் செயல் கட்சியின் தோற்றத்திலும் பங்கு கொண்டார். கட்சி நீங்கினாலும் தொகுதி நீங்குவதில்லை என்பதற்கு இது ஓர் அரிய எடுத்துக்காட்டாகும்.

மொழி என்னும் சுவர்

தேர்ந்தெடுக்கப்பெற்ற உறுப்பினர் அவையில் எம்மொழியில் பேசினார்? கூட்டரசு அரசியலமைப்பின் 152ஆம் பிரிவின்படி, விடுதலைக்குப் பின் பத்தாண்டுகள் வரை ஆங்கிலமும் மன்றங்களில் பயன்படலாயிற்று. 1967ஆம் ஆண்டுத் தேசிய மொழிச் சட்டத்திற்குப் பின்னர் மலாய்மொழி முதன்மை பெற்று, அவைத்தலைவரின் இசைவோடு மட்டும் ஆங்கிலம் ஒலித்தது. தமிழுக்கு எக்காலத்தும் அங்கு இடமில்லை. அண்டை நாடான சிங்கப்பூரின் நாடாளுமன்றத்தில் மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கனுள் எதிலும் பேசலாம் என்பதை இங்கு ஒப்புநோக்கலாம்.

ஆகவே நம் பிரதிநிதியின் சொல் இருமுறை பிறந்தது. ஒருமுறை அவையில் ஆங்கிலத்திலோ மலாயிலோ. மறுமுறை தமிழ் நாளிதழிலும், கோயில் மண்டபத்திலும், தோட்டத்து மேடையிலும் தமிழில். முதற்பிறப்பு ஹன்சார்டு என்னும் அவைக்குறிப்பில் சொல்லுக்குச் சொல் பதிவாயிற்று. இரண்டாம் பிறப்பில் நாளிதழ்ச் செய்தி மட்டுமே எஞ்சியது; மேடைப் பேச்சு காற்றோடு போயிற்று. வாக்காளரைச் சேர்ந்ததோ இந்த இரண்டாவதுதான்.

வாக்களிப்பைப் பொறுத்தவரையில் சிக்கல் இன்னும் கடினம். நம் மக்களவையில் மசோதாக்கள் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பினால் நிறைவேறுகின்றன. 15 உறுப்பினரேனும் எழுந்து நின்று கோரினால்தான் பிரிவு வாக்கெடுப்பு நடைபெறும். அப்போதுதான் ஒவ்வொருவர் பெயரும் ஆதரவு, எதிர்ப்பு எனப் பதிவாகும். எனவே, தம் உறுப்பினர் எப்பக்கம் நின்றார் என்பதை அவைக்குறிப்பைப் புரட்டிப் பார்ப்பவரும் பல வேளைகளில் அறிய இயலாது. அவரே வந்து சொன்னாலன்றி வேறு வழியில்லை. கணக்கு ஒப்புவித்தல் என்பது இங்கே மரியாதைக்குரிய மரபு என்பதைக் கடந்து, வாக்காளர்க்குள்ள ஒரே சான்றாக ஆகிவிடுகிறது.

தேசிய மொழிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பொதுநலன் கருதிப் பிற சமூகங்களின் மொழிகளில் அரசு ஆவணங்களை மொழிபெயர்த்து வெளியிட இடமளிக்கிறது. ஆனால் அது அரசுக்குரிய உரிமையாக வைக்கப்பெற்றதே தவிர, குடிமக்கள் கேட்டுப் பெறும் உரிமையாக வைக்கப்பெறவில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் சுமை தமிழ் இதழாளர் தோளில் விழுந்தது.

1968: அவை ஓய்ந்திருந்த காலம்

இவ்வரலாற்றின் கடுமையான சோதனை 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தோடு வந்தது. குடியுரிமை இல்லாதோர் குறிப்பிட்ட வேலைகளைச் செய்ய உரிமச் சீட்டுப் பெற வேண்டும் என்பது அதன் சாரம். அப்போது தொழிலமைச்சராக இருந்தவர் கிள்ளான் உறுப்பினரான மாணிக்கவாசகமே. புக்கிட் ராஜா, ஹைலண்ட்ஸ், மிட்லண்ட்ஸ் முதலிய தோட்டங்கள் சூழ்ந்த வட்டாரத்தின் பிரதிநிதியே, தோட்டத் தமிழரைப் பெரிதும் தாக்கவிருந்த சட்டத்துக்குரிய அமைச்சின் பொறுப்பில் இருந்தார்.

பிறந்த நாளிலிருந்து இம்மண்ணை அன்றி வேறு நாட்டைக் காணாத பலரும் சிவப்பு அடையாள அட்டையோடுதான் இருந்தனர். 1957க்குப் பின் ஓராண்டுக் காலம் மலாய்மொழித் தேர்வு இல்லாமலே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் சலுகை இருந்தது. எழுத்தறிவின்மை, பிறப்புச் சான்றிதழ் இன்மை, செய்தி எட்டாமை ஆகியவற்றால் தோட்ட மக்கள் பலர் அதைத் தவறவிட்டனர். செய்தி எட்டாமை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சட்டத்தின் பொருளைத் தமிழில் எடுத்துச் சொல்வார் வந்து சேராத தோட்டங்களில் அந்த ஓராண்டு ஓசையின்றிக் கழிந்தது.

1969 மே 13 நிகழ்வுகளையடுத்து நெருக்கடிநிலை பிரகடனப்படுத்தப்பெற்று, நாடாளுமன்றம் இடைநிறுத்தப்பட்டது. அது மீண்டும் கூடியது 1971 பிப்ரவரி 20ஆம் நாளில்தான். உரிமச் சீட்டு நடைமுறை மிகக் கடுமையாகச் செயற்பட்டது இந்த இடைக்காலத்திலேயே. ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர் நாட்டை விட்டுச் சென்றனர் என ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். அவர்களுக்காக அவையில் ஒரு கேள்வி எழுப்பவும் வழியில்லை, அவையே இல்லை.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. சிவப்பு அட்டைக்காரர் வாக்காளர் அல்லர். வாக்காளர் பட்டியலில் பெயரில்லாதவர்க்கு எந்த உறுப்பினரும், ஆளுங்கட்சியினராயினும் எதிர்க்கட்சியினராயினும், கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவர் அல்லர். ஒரே லயத்தில் அண்ணன் நீல அட்டையோடும் தம்பி சிவப்பு அட்டையோடும் வாழ்ந்தனர். பிரதிநிதி அண்ணனுக்கு மட்டும் உரியவர். சட்டத்தால் மிகுதியாகப் பாதிக்கப்பெறுவோர் அச்சட்டத்தை இயற்றுவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அற்றவராயிருந்தமையை, தனிமனிதர் எவர்மீதும் பழி சுமத்தித் தீர்க்கவியலாத ஓர் அமைப்புக் குறையாகவே கொள்ள வேண்டும்.

பேச இயலாத உறுப்பினர்கள்

1971ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் உறுப்பினரின் பேச்சுரிமைக்கும் எல்லை வகுத்தது. குடியுரிமை, மொழி, சிறப்புநிலை, ஆட்சியாளர் இறைமை ஆகிய பொருள்களை எதிர்த்துரைப்பதற்கு அவைக்குள்ளும் காப்பு இல்லாமற்போயிற்று. 1978 பொதுத் தேர்தலில் திறந்தவெளிக் கூட்டங்களுக்குத் தடை வந்தது. மண்டபங்களுக்குள் நடைபெறும் செராமாவே தொகுதியோடு பேசும் வழியாயிற்று.

உறுப்பினரே சிறைப்பட்ட நிகழ்வுகளும் உண்டு. 1987 அக்டோபரில் தொடங்கிய லாலாங் நடவடிக்கையில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பெற்ற நூற்றுக்கும் மேற்பட்டோருள், பூச்சோங் நாடாளுமன்ற உறுப்பினராகவும் மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் பொதுச்செயலாளராகவும் இருந்த வி. டேவிட்டும் ஒருவர். 2007 நவம்பர் 25ஆம் நாள் நடைபெற்ற இண்ட்ராஃப் பேரணிக்குப் பின் அவ்வியக்கத் தலைவர் ஐவர் அதே சட்டத்தின்கீழ்க் கமுண்டிங் முகாமில் வைக்கப்பெற்றனர். அவர்களுள் எம். மனோகரன், 2008 மார்ச்சுத் தேர்தலில் கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் சிறையிலிருந்தவாறே வென்றார். 2009 மே மாதம் விடுதலையாகும் வரை அத்தொகுதி மக்களுக்குத் தம் உறுப்பினரின் வாயால் எதையும் கேட்கும் வாய்ப்பில்லை. அவ்வைவருள் மற்றொருவரான வீ. கணபதிராவ் 2022 நவம்பரில் கிள்ளான் நாடாளுமன்றத் தொகுதியில் வெற்றி பெற்றார். அவர்களைச் சிறைவைத்த சட்டம் 2012இல் நீக்கப்பட்டது.

வாக்காளர் பேச இயலாதவரைத் தேர்ந்தெடுத்தமையை உணர்ச்சிவயப்பட்ட செயலெனச் சிலர் கருதுவர். மேற்கூறிய வரலாற்றோடு வைத்து நோக்கின் வேறொரு பொருள் தோன்றும். கணக்கு ஒப்புவிக்கும் உரையைத் தம் மொழியில் முழுமையாகக் கேட்டறியாத ஒரு சமூகம், உரையைக் காட்டிலும் உறுப்பினர் ஏற்றுக்கொண்ட துன்பத்தையே கணக்காக ஏற்றது.

முடிவுரை

அவையின் பதிவேடு நம்மிடம் உள்ளது. தொகுதியின் பதிவேடு சிதறிக் கிடக்கிறது. 1924இல் தோன்றிய தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பகுதிகளில் வழங்கப்பெற்ற துண்டறிக்கைகள், சேவை மைய அறிவிப்புகள், கட்சிக் கிளைகளின் தமிழ்க் கூட்டக் குறிப்புகள் ஆகியவை பழைய பெட்டிகளில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. ஹன்சார்டை மட்டும் கொண்டு எழுதப்படும் வரலாறு, உறுப்பினர் அவையில் சொன்னதை மட்டுமே சொல்லும். அவர் தம் மக்களிடம் சொன்னது யாது, இரண்டும் ஒத்திருந்தனவா என்பதைத் தமிழ்ச் சான்றுகளே காட்ட இயலும்.

ஆகவே இரு பணிகள் நம்முன் உள்ளன. ஆய்வாளர் இவ்வெளியீடுகளைத் திரட்டி, நாள்வாரியாக அவைக்குறிப்போடு ஒப்புநோக்குதல் வேண்டும். தமிழாசிரியர் ஒரு மசோதா எவ்வாறு சட்டமாகிறது, குரல் வாக்கெடுப்பு யாது, பிரிவு வாக்கெடுப்பு யாது என்பவற்றைத் தமிழிலேயே மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும். இன்றைய மாணவர் மலாயும் ஆங்கிலமும் நன்கு அறிந்தவர். அவைக்குறிப்பைத் தாமே படிக்க வல்லவர். அவர்தம் பாட்டனார் கேட்க விரும்பியும் கேட்க மொழியின்றி நின்ற கேள்வியை, எம் பெயரால் நீர் எப்பக்கம் வாக்களித்தீர் என்னும் அக்கேள்வியை, இனி எம்மொழியிலும் கேட்க அவரால் இயலும்.