விருப்பப் பாடமும் விதிக்கப்பட்ட பாடமும்: இந்திய உயர்நிலைப் பள்ளிகளில் தொழில்திறன், தலைமைப்பண்புக் கல்வியின் வரலாறு

முன்னுரை

யாருக்கு எதைக் கற்பிப்பது என்னும் வினா கல்விச் சிந்தனையில் மிகப் பழைமையானது. நன்னூலின் பொதுப்பாயிரம், பாடம் கேட்கத் தக்கவர் யாவர் எனக் கூறுமிடத்தில் ஆசிரியருடைய மகன், அரசனுடைய மகன், பொருள் மிகுதியாகத் தருபவன் ஆகியோரைக் குறிப்பிடுகிறது. சொல்வதைக் கொள்ளும் ஆற்றலுடையவனையும் அவ்வரிசையிலேயே வைக்கிறது. மாணாக்கரைத் தலை, இடை, கடை எனத் தரம் பிரிக்கும்போதோ பாடத்தைக் கொள்ளும் திறன் ஒன்றையே அளவாகக் கொள்கிறது. பிறப்பு, பொருள், திறன் என்னும் இம்மூன்று அளவுகோல்களுடன் விருப்பம் என்னும் நான்காவது அளவுகோலையும் இக்காலப் பள்ளிக் கல்வி சேர்த்துக்கொண்டது. 'விருப்பப் பாடம்' என்னும் பெயரே அதற்குச் சான்றாகும்.

இந்திய உயர்நிலைப் பள்ளிகளில் தொழில்திறனையும் தலைமைப்பண்பையும் வளர்ப்பதற்கென வகுக்கப்பட்ட விருப்பப் பாடங்கள், மாணவரின் விருப்பத்திற்கு உண்மையில் எந்த அளவு இடமளித்தன என்பதைக் குழு அறிக்கைகளின் வழியும் அவை நடைமுறை கண்ட விதத்தின் வழியும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹண்டர் குழுவின் இரு பிரிவுகள்

உயர்நிலைப் பள்ளியில் பாடப்பிரிவு என்னும் எண்ணத்தை முதலில் தெளிவாக முன்வைத்தது 1882ஆம் ஆண்டில் வில்லியம் ஹண்டர் தலைமையில் அமைந்த இந்தியக் கல்விக் குழுவாகும். மேல் வகுப்புகளில் இரு பிரிவுகள் வேண்டும் என அக்குழு பரிந்துரைத்தது. ஒன்று பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு இட்டுச்செல்வது. மற்றொன்று வணிகம் முதலான ஏட்டுக்கல்வி சாராத தொழில்களுக்கு மாணவரை ஆயத்தப்படுத்துவது.

இரண்டாம் பிரிவு வேரூன்றவில்லை. அரசுப் பணிக்குச் செல்லும் வழியாக மெட்ரிகுலேஷன் தேர்வே விளங்கியமையால், பெற்றோரும் மாணவரும் அதனையே நாடினர். இதனை உடலுழைப்பின் மீது இந்தியர் கொண்ட வெறுப்பு எனக் காட்டுவதுண்டு. ஆயின் ஒரு பிரிவின் முடிவில் வேலையும் மேற்படிப்பும் இருந்தன. மற்றொன்றின் முடிவில் இரண்டும் உறுதியாக இல்லை. அந்நிலையில் மாணவர் செய்த தேர்வு அறிவுக்குப் பொருந்தியதே எனலாம். பிற்காலத் திட்டங்கள் பலவும் இதே இடத்தில் இடறின.

முதலியார் குழுவும் நான்கு நோக்கங்களும்

விடுதலைக்குப் பின், 1952ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இடைநிலைக் கல்விக் குழு அமைக்கப்பட்டது. அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியார் இதன் தலைவர். ஹன்சா மேத்தா, கே.ஜி. சையிதைன் முதலியோர் உறுப்பினராக இடம்பெற்றனர். 1953இல் வெளிவந்த அறிக்கை இடைநிலைக் கல்விக்கு நான்கு நோக்கங்களை வகுத்தது. அவை குடியாட்சிக்குரிய குடிமைப்பண்பு, தொழில்திறன், ஆளுமை வளர்ச்சி, தலைமைக்கான கல்வி என்பனவாகும்.

இவற்றுள் நான்காவது தனித்துக் கருதத்தக்கது. அக்குழு கருதிய தலைமை நாட்டை ஆள்வோரின் தலைமை மட்டுமன்று. தம் ஊரிலும் தொழிற்களத்திலும் சிறு குழுக்களிலும் பொறுப்பேற்று நடத்தக்கூடிய இடைநிலைத் தலைமையை உருவாக்குவதே உயர்நிலைப் பள்ளியின் தனிப்பணி என்பது அதன் நிலைப்பாடு. எனவே தொழில்திறனும் தலைமையும் ஒரே மாணவரிடம் ஒருங்கே வளரவேண்டியவையாயின.

இதற்கேற்பப் பாடத்திட்டமும் அமைந்தது. மொழிகள், சமூக இயல், பொது அறிவியல் ஆகியவற்றுடன் ஒரு கைத்தொழிலும் அனைவருக்கும் பொதுவாக்கப்பட்டது. அதன்மேல் மானுடவியல் பாடங்கள், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகள் வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றிலிருந்து மூன்று பாடங்களை மாணவர் தேர்ந்துகொள்வர். இவை அனைத்தையும் ஒரே வளாகத்தில் கற்பிக்கும் பல்நோக்குப் பள்ளிகள் பரிந்துரைக்கப்பட்டன. வேளாண்மை கற்பவரும் அறிவியல் கற்பவரும் ஒரே பள்ளியில் ஒரே மதிப்புடன் பயில்வர் என்பது இதன் உட்கருத்து.

1953: இருவேறு அளவுகோல்கள்

இவ்வறிக்கை வெளிவந்த 1953ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் முதலமைச்சர் இராஜாஜி திருத்தியமைத்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலையோ ஊரிலுள்ள கைத்தொழிலையோ பழகவேண்டும் என்பது திட்டம். இருக்கும் ஆசிரியர்களைக் கொண்டே கூடுதலான பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்பது அரசு காட்டிய காரணங்களுள் ஒன்று. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதனைக் 'குலக்கல்வித் திட்டம்' எனப் பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் இராஜாஜி பதவி விலகினார். காமராசர் தலைமையிலான அரசு அதனைக் கைவிட்டது.

ஒன்று தொடக்கக் கல்வி பற்றியது. மற்றொன்று இடைநிலைக் கல்வி பற்றியது. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் தொழில் கற்பித்தல் என்னும் ஒரே செயலின் இருவேறு அளவுகோல்களை இவை காட்டுகின்றன. முதலியார் அறிக்கை மாணவரின் நாட்டத்தையும் திறனையும் அளவாகக் கொண்டது. இராஜாஜி திட்டம், அதன் நோக்கம் யாதாயினும், நடைமுறையில் பிறந்த வீட்டையே தொழிற்கூடமாக்கியது. பள்ளியில் தொழில் கற்பிக்கும் எத்திட்டத்தையும் தமிழர் ஐயத்துடன் நோக்குவதற்கு இப்பட்டறிவே அடிப்படையாக அமைந்தது.

பல்நோக்குப் பள்ளிகள் கண்ட தடைகள்

பல்நோக்குப் பள்ளிகள் 1954 முதல் நாடெங்கும் தொடங்கப்பட்டன. மாணவர் தம் நாட்டமறிந்து பாடம் தேர உதவும்பொருட்டு அவ்வாண்டிலேயே தில்லியில் கல்வி மற்றும் தொழில் வழிகாட்டலுக்கான நடுவண் பணியகம் நிறுவப்பட்டது. தொழிற்பாடங்களுக்கு ஆசிரியர் போதாமை உணரப்பட்டதால், தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு 1960களின் முற்பகுதியில் அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூர் ஆகிய நான்கு இடங்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகளைத் தொடங்கியது. பள்ளிகள் தோன்றிய பின்னரே ஆசிரியரை உருவாக்கும் ஏற்பாடு வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

பட்டறையும் கருவிகளும் வேளாண் நிலமும் செலவு மிக்கவை. பயிற்சி பெற்ற வழிகாட்டி ஆசிரியர் அரியர். எனவே பல பள்ளிகளில் ஏழு பிரிவுகளும் ஏட்டளவில் நின்றன. எப்பிரிவு பள்ளியில் இருந்ததோ அதுவே மாணவரின் 'விருப்பம்' ஆயிற்று.

டி.எஸ். கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு (1964–66) இம்முறையை மறுஆய்வு செய்தது. மிக இளம் பருவத்தில் பிரிவு தேரச் செய்வதை ஏற்காது, முதல் பத்து ஆண்டுகள் அனைவருக்கும் பொதுக்கல்வியும் பணி அனுபவமும் வேண்டும் என்றது. 1986க்குள் கீழ் இடைநிலையில் 20 விழுக்காட்டினரும் மேல்நிலையில் 50 விழுக்காட்டினரும் தொழிற்கல்வி பயிலவேண்டும் என இலக்கும் வகுத்தது.

ஆதிசேஷையாவும் குழந்தைசாமியும்

இவ்விலக்கை நடைமுறைப்படுத்தும் வழிகாணும் பணியில் தமிழறிஞர் இருவர் முன்னின்றனர். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை 1971இல் நிறுவிய பொருளியலறிஞர் மால்கம் ஆதிசேஷையா, மேல்நிலைக் கல்வி பற்றிய தேசிய மறுஆய்வுக் குழுவுக்குத் தலைமை ஏற்று 1978இல் அறிக்கை அளித்தார். பொதுக்கல்வியும் தொழிற்கல்வியும் சுவர் வைத்துப் பிரிக்கப்படாமல், மாணவர் இரு பக்கமும் பாடம் தேர இடம் வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. அதே 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோது தொழிற்கல்விப் பிரிவும் இடம்பெற்றது.

கவிஞரும் பொறியியலறிஞருமான வா.செ. குழந்தைசாமியின் தலைமையில் அமைந்த தேசியப் பணிக்குழு 1985இல் தொழிற்கல்வி பற்றி அறிக்கை வழங்கியது. தொடர்ந்து வந்த 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவருள் 10 விழுக்காட்டினரை 1990க்குள்ளும் 25 விழுக்காட்டினரை 1995க்குள்ளும் தொழிற்கல்விக்குக் கொணர்வதாக அறிவித்தது. கோத்தாரி குழு 50 விழுக்காடு எனக் குறித்த அதே 1986இல் இலக்கு இவ்வாறு சுருங்கியது. 1992இல் இக்காலவரம்பும் முறையே 1995, 2000 எனத் தள்ளிவைக்கப்பட்டது.

மேற்படிப்புக்கான வாயில் குறுகியதே இப்பின்னடைவின் முதன்மைக் காரணம் எனலாம். தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பில் ஒரு சிறு பங்கு இடங்கள் தொழிற்கல்விப் பிரிவினர்க்கு ஒதுக்கப்பட்டமை இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும் முயற்சியாகும். பத்தாம் வகுப்பில் குறைந்த மதிப்பெண் பெற்றவரைத் தொழிற்கல்விப் பிரிவுக்கு அனுப்பும் வழக்கமோ அப்பிரிவின் மதிப்பை மேலும் தாழ்த்தியது. அங்கே மாணவர் பாடத்தைத் தேர்வதில்லை. மதிப்பெண் மாணவரைப் பிரிக்கிறது.

தலைமைப்பண்பு தனித்து நின்றமை

தொழில்திறன் ஒரு பிரிவுக்குள் ஒதுங்கிய காலத்தில் தலைமைப்பண்பு பாடத்திட்டத்திற்கு வெளியே சென்றது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய மாணவர் படையும், 1950இல் ஒன்றிணைந்த பாரத சாரண சாரணியர் இயக்கமும், மாணவர் மன்றங்களும் அப்பொறுப்பை ஏற்றன. இவை ஆற்றிய பணி பெரிது. ஆயினும் இவை பெரும்பாலும் பள்ளி நேரத்திற்குப் புறம்பானவை. சீருடையும் மாலைப்பொழுதும் வாய்த்தவர்க்கே எளிதில் எட்டுபவை. பள்ளி முடிந்ததும் வீட்டு வேலைக்கோ கூலி வேலைக்கோ செல்லவேண்டிய பிள்ளைக்கு அணித்தலைமை எட்டாதது. இவ்வாறு முதலியார் குழு இணைத்து வைத்த இரு நோக்கங்களும் பிரிந்து, தொழில் ஒரு சாராருக்கும் தலைமை மற்றொரு சாராருக்கும் உரியனபோல் ஆயின.

அண்மைக்கால மாற்றங்கள்

2013இல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் திறன் பாடங்களை ஒன்பதாம் வகுப்பு முதல் விருப்பப் பாடமாக வழங்கியது. 2017-18 கல்வியாண்டில் அறிமுகமான முறைப்படி, பத்தாம் வகுப்பில் அறிவியல், கணிதம், சமூக அறிவியல் ஆகியவற்றுள் ஒன்றில் தேறாத மாணவர் ஆறாவதாக எடுத்த தொழிற்பாடத்தில் தேறியிருப்பின், அப்பாடம் ஈடாகக் கொள்ளப்படும். இது பல மாணவரின் ஓராண்டைக் காக்கும் நல்லேற்பாடே. ஆயினும் தொழிற்பாடத்தைத் தோல்விக்கு மாற்றாகக் காணும் பழைய மனப்பாங்கும் இதில் எஞ்சி நிற்கிறது.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பாடப்பிரிவுகளுக்கு இடையே கடினமான எல்லைகள் வேண்டா என்றது. ஆறாம் வகுப்பு முதலே தொழில் அறிமுகத்தையும் வலியுறுத்தியது. எல்லைகளைத் தளர்த்துவது ஆதிசேஷையா குழு முன்பே கூறிய கருத்தாகும். இளம் வகுப்பிலேயே தொழிலை நுழைப்பது குலத்தொழிலுக்கே வழிவகுக்கும் என்னும் அச்சம் தமிழ்நாட்டில் மீண்டும் எழுந்தது. இவ்வச்சம் 1953இன் நினைவிலிருந்து பிறந்தது.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. 1882 முதல் தொழில்சார் பாடங்கள் தளர்ந்தமைக்கு உழைப்பின் மீதான வெறுப்பைவிட மேற்படிப்பு வாயிலின் குறுக்கமே வலுவான காரணமாகும்.

2. ஆசிரியர், கருவிகள், வழிகாட்டல் ஆகிய மூன்றும் இல்லாத பள்ளியில் விருப்பப் பாடம் பெயரளவில் மட்டுமே விருப்பத்திற்குரியது.

3. தொழில்திறனும் தலைமைப்பண்பும் ஒரே மாணவருக்கு உரியவை என்னும் முதலியார் குழுவின் கருத்து இன்றும் முழுமையாக நடைமுறை காணவில்லை.

தாம் தேர்ந்த பாடம் பொருந்தவில்லையெனில் மாணவர் மற்றொன்றுக்கு மாறவும், எதனைத் தேர்ந்தாலும் மேற்படிப்பைத் தொடரவும் வழியிருந்தால் மட்டுமே அது விருப்பப் பாடம் என்னும் பெயருக்கு உரியதாகும். அவ்வழி இல்லாதவிடத்து, உழவரின் மகள் வேளாண்மைப் பிரிவில் அமர்ந்திருப்பதைக் கண்டு அது அவளுடைய விருப்பமா, அவளுக்கு விதிக்கப்பட்டதா எனப் பிரித்தறிய இயலாது. எந்தப் பாடத்திட்டத்தையும் மதிப்பிடுவோர் முதலில் எழுப்பவேண்டிய வினா இதுவேயாகும்.