அயல் வீட்டு வெளிச்சம்

தீப்பெட்டி அருமையாயிருந்த காலத்திலே, அடுப்பு அணைந்துவிட்டால் நம் ஊர்ப் பெண்கள் சிரட்டையொன்றை எடுத்துக்கொண்டு அயல் வீட்டுக்குப் போவார்கள். இரண்டு தணற்கட்டிகள் வந்தால் இங்கும் அடுப்பெரியும். கொடுத்தவள் அடுப்பிலே நெருப்புக் குறைவதில்லை. மின்சாரமோ அத்தகையதன்று. ஒரே பொறியிலிருந்து இரு வீட்டார் மின்சாரம் பெறும்போது, ஒருவர் மிகுதியாகக் கொண்டால் மற்றவருக்குக் குறையும். ஆகவே, அயலாரோடு அதனைப் பகிர்ந்துகொள்வது எங்ஙனம் என்பது தொடக்கத்திலிருந்தே பொறியியலாளருக்கும் சட்டஞ் செய்வோருக்கும் ஒரு சிக்கலாக இருந்து வந்துள்ளது. அவ்வரலாற்றின் சில கட்டங்களை நேயர்களோடு இன்று நோக்க விரும்புகின்றேன்.

இலண்டன் மாநகரிலே, நியூ பொண்ட் வீதியில், சேர் கூட்ஸ் லின்ட்சே என்னும் செல்வர் 1877ஆம் ஆண்டில் குறோவனர் சித்திரசாலையைத் திறந்தார். சில ஆண்டுகளின் பின், சித்திரங்களுக்கு நல்ல வெளிச்சம் வேண்டுமென்று கருதி, நீராவியந்திரத்தையும் மின்பிறப்பாக்கியையும் அங்கே நிறுவினார். அவ்வொளியைக் கண்ட அயலிலுள்ள கடைக்காரரும் வீட்டுக்காரரும் தமக்கும் ஓர் இணைப்புத் தருமாறு கேட்கலாயினர். தன் தேவைக்கென ஒருவர் வைத்த பொறி, கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கப் போய், ஒரு மின்னிலையமாகவே வளர்ந்துவிட்டது.

இவ்வாறு வளர்ந்தமைக்குச் சட்டமும் ஒரு காரணமாகும். 1882ஆம் ஆண்டின் மின்விளக்குச் சட்டப்படி, வீதியைத் தோண்டிக் கம்பி பதிக்க விரும்பும் கம்பனி அரசின் உத்தரவைப் பெறுதல் வேண்டும். அன்றியும், 21 ஆண்டுகள் சென்றபின் அம்முயற்சியை உள்ளூராட்சி மன்றம் கட்டாயமாக வாங்கிக்கொள்ளலாம். முதலிடுவோர் இதனைக் கண்டு பின்வாங்கினர். 1888இல் அக்காலவெல்லை 42 ஆண்டுகளாக நீட்டப்பட்டது. குறோவனர் நிலையத்தாரோ வீதியைத் தொடவில்லை. கூரைகளின் மேல் இரும்புக் கம்பங்களை நாட்டி, வீட்டுக்கு வீடு வான்வழியாகக் கம்பியைக் கொண்டுசென்றனர். கூரைக்குரியவர் இசைந்தாற் போதும். ஆகவே அந்த மின்சாரம் அயலவரின் சம்மதத்தின் மேலேயே நடந்து சென்றது எனலாம்.

பேர்லினிலும் இத்தகைய நிலையே காணப்பட்டது. 1884இல் எமில் ராத்தெனோவின் கம்பனி பிரீட்றிக் வீதி 85ஆம் இலக்கக் கட்டடத்தில் ஒரு சிறு நிலையத்தை அமைத்தது. வீதிகள் நகரசபைக்கு உரியவை. அதன் இசைவின்றிக் கம்பி அவற்றைக் கடத்தலாகாது. ஆதலால், நாற்புறமும் வீதிகள் சூழ்ந்த ஒரு கட்டடத் தொகுதிக்குள்ளேயே அம்மின்சாரம் நின்றது. தொகுதிக்குள் இருந்தவர் ஒளி பெற்றனர். எதிர் வீட்டார் பார்த்திருந்தனர். பின்னர் நகரசபையோடு உடன்படிக்கை ஏற்பட, 1885 ஆகத்து மாதத்தில் மார்க்கிறாவ் வீதி நிலையம் இயங்கத் தொடங்கியது. வீதியைக் கடக்கும் உரிமை கிடைத்த பின்னரே அயல் விளக்கு ஊர் விளக்காயிற்று.

மீண்டும் இலண்டனுக்கு வருவோம். அங்கு கோலார், கிப்ஸ் என்போரின் முறைப்படி வீடுகளின் நிலைமாற்றிகள் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. ஒரே வாய்க்காலில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்த நீர்ச்சில்லுகளைப் போன்றது அம்முறை. ஒரு வீட்டார் விளக்கை அணைத்தால் அடுத்த வீட்டாரின் விளக்கிலும் மாற்றந் தெரியும். 1886இல் அந்நிலையத்தின் பொறுப்பை ஏற்ற இளைஞர் செபஸ்தியான் டி பெரன்ரி, 1864இல் பிறந்தவர். அவர் நிலைமாற்றிகளைச் சமாந்தரமாக இணைத்தார். வாய்க்காலிலிருந்து வயலுக்கொரு மடை வைத்தாற்போல, ஒவ்வொரு வீடும் தன் விருப்பப்படி எரிக்கவும் அணைக்கவும் முடிந்தது. 1887இல் புதிய கம்பனி உருவாகியது. நகருக்கப்பால் தேம்சு நதிக்கரையில், டெட்பேர்ட்டில், பெருநிலையம் எழுந்தது. அன்றுதொட்டு மின்சாரம் தருபவர் அயலவரல்லர், கண்ணுக்கெட்டாத் தொலைவிலுள்ளவர். அடுத்த வீட்டு விளக்கைப் பற்றி எண்ணவேண்டிய தேவையும் அகன்றது.

நம் நாட்டிலும் தலைநகரம் முந்திக்கொண்டது. 1895இல் கொழும்பு மின்னொளி கண்டது. 1950இல் லக்சபான நீர்மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. எனினும், நெடுங்காலம் மலைநாட்டுக் கிராமங்கள் பலவற்றுக்குக் கம்பி செல்லவில்லை. 1990ஆம் ஆண்டுகளில் இரத்தினபுரி, கேகாலை முதலிய மாவட்டங்களிலே கிராமத்தார் தாமே சங்கங்களாகக் கூடி, சிரமதானமாக அணைகட்டி, வாய்க்கால் வெட்டி, ஓடைநீரால் சிறு சுழலியைச் சுழற்றினர். மின்சாரத்தை ஆக்குவோரும் அவர்களே, நுகர்வோரும் அவர்களே. ஒவ்வொரு வீட்டுக்கும் சில விளக்குகளுக்குப் போதிய பங்கே கிடைத்தது. ஒரு வீட்டார் மாலைவேளையில் ஸ்திரிக்கைப் பெட்டியை மாட்டினால் அயல் வீட்டு விளக்கு மங்கிவிடும். ஆகவே எதனை, எப்போது, எவ்வளவு பாவிக்கலாம் என்பதனை அவர்கள் கூடிப்பேசி வகுக்க வேண்டியதாயிற்று. பின்னர் நாட்டின் பொதுக் கம்பி அவ்வூர்களை எட்டியபோது, இத்திட்டங்களிற் பல கைவிடப்பட்டன. அதற்காக அம்மக்களைக் குறைகூறல் ஆகாது. வேண்டிய வேளையில் வேண்டிய அளவு எரிக்கும் வசதியை யார்தான் விரும்பார்?

ஆனால் அவ்வசதி நம்மை ஒன்றை மறக்கச் செய்துவிட்டது. எரிபொருளுக்குப் பணமின்றி நாடு திண்டாடிய 2022ஆம் ஆண்டில், மார்ச்சு மாத இறுதியிலே, நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. நாடு பிரிவு பிரிவாக வகுக்கப்பட்டது. ஒரு பிரிவின் விளக்கு அணைய, மற்றொரு பிரிவின் விளக்கு எரிந்தது. நம் வீடு இருளில் இருந்த அந்த நேரத்திலே, நாம் அறியாத எங்கோ ஓர் ஊரில், ஒரு பிள்ளை நம் பங்கு வெளிச்சத்தில் பாடம் படித்துக்கொண்டிருந்தது. அடுத்த முறை நாம் அதன் பங்கிலே படித்தோம். கம்பி எத்துணை நீண்டாலும், மறுமுனையில் இருப்பவர் நம் அயலவரே. ஆளில்லாத அறையில் எரியும் விளக்கை அணைக்கும்போது, நேயர்களே, இதனைச் சற்றே நினைத்துக்கொள்வோமாக.