எட்டு வாரங்களும் இரண்டு பிள்ளைகளும்

தேக்கா சந்தையை ஒட்டி பஃப்ளோ சாலை என்றொரு தெரு உண்டு. எருமைகள் அடைக்கப்பட்ட பகுதியாதலின் மலாய்மொழியில் அதனைக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்றழைத்தனர். அப்பெயரைத் தாங்கிய மருத்துவமனை 1924 அக்டோபர் 1 முதல் மகப்பேற்றுக்கெனவே இயங்கலாயிற்று. நாம் கேகே என்று சுருக்கிச் சொல்வது அதனைத்தான். 1966-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேல். கின்னஸ் நூலில் இடம்பெற்ற எண் இது. சிங்கப்பூரின் மகப்பேற்று விடுப்புச் சட்டத்தைப் புரிந்துகொள்ள விரும்பும் பெற்றோர், இந்த எண்ணிலிருந்து தொடங்குதல் நலம்.

அன்றைய அரசுக்கு இவ்வெண் பெருமையைவிடக் கவலையையே தந்தது. அதே 1966-இல் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் மக்கள்தொகைக்குமான வாரியம் நிறுவப்பட்டது. 1968-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் பணிபுரியும் தாய்க்கு எட்டு வார ஊதிய விடுப்பினை அளித்தது. ஆயினும் முதல் மூன்று பிள்ளைகளுக்கு மட்டுமே. 1973-இல் அதுவும் இரண்டாகக் குறைக்கப்பட்டது. பிள்ளை எண்ணிக்கை கூடக்கூட அரசு மருத்துவமனையின் மகப்பேற்றுக் கட்டணமும் கூடியது. நான்காம் பிள்ளை, தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டது. பிறந்த குழந்தை என்ன பிழை செய்தது என்று ஆசிரியர் என்ற முறையில் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. விடுப்பு என்பது தாயின் உடல்நலத்திற்கான உரிமை என்னும் கருத்து அன்று பின்தங்கிவிட்டது. அரசின் மக்கள்தொகைக் கணக்கு முன்னே வந்தது.

பின்னர்க் கணக்கு தலைகீழாயிற்று. பிறப்பு விகிதம் 1970-களின் நடுவிலேயே ஈடுசெய் அளவாகிய 2.1-க்கு இறங்கி, மேலும் கீழே சென்றது. 1984-இல் பட்டதாரித் தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை தரப்பட்டு, எதிர்ப்பு வலுத்ததால் மறு ஆண்டே கைவிடப்பட்டது. 1987-இல் வசதியுள்ளோர் மூன்றும் அதற்கு மேலும் பெறலாம் என்று அரசே கூறியது. விடுப்புச் சட்டமோ மெல்லத்தான் அசைந்தது. மூன்றாம் பிள்ளைக்கு அரசே ஊதியம் தரும் மகப்பேற்று விடுப்பு 2001-இல்தான் வந்தது. 2004-இல் 12 வாரம், 2008-இல் 16 வாரம் என்று விடுப்பு வளர்ந்தது. தந்தைக்கு ஒரு வார விடுப்பு 2013-இல் பிறந்து, 2017-இல் இரண்டாகி, 2025 ஏப்ரல் 1 முதல் நான்கு வாரம் கட்டாயமாயிற்று. தாயும் தந்தையும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு அதே நாளில் 6 வாரமாகவும், 2026 ஏப்ரல் 1 முதல் 10 வாரமாகவும் வகுக்கப்பட்டது. எல்லாம் சேர்ந்தால் முப்பது வாரம்.

இம்முப்பது வாரத்தை நாளிதழில் படித்துவிட்டு, தமக்கும் அது உண்டென்று எண்ணியிருக்கும் பெற்றோர் பலரைச் சந்திக்கிறேன். தமிழகத்திலிருந்து வேலை அட்டையில் வந்து குடும்பமாக வாழ்வோர் அவர்கள். 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் அரசு ஊதிய விடுப்புகள் யாவற்றுக்கும் முதல் நிபந்தனை, குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனாக இருத்தல். இங்கே பிறந்ததனால் மட்டும் குழந்தைக்குக் குடியுரிமை வருவதில்லை. பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும். இருவரும் நிரந்தரவாசிகள் என்றாலும் அது போதாது. பிறந்து ஓராண்டிற்குள் குழந்தை குடியுரிமை பெற்றால் எஞ்சிய விடுப்பைக் கோரலாம்.

அவ்வாறாயின் மற்றவர்க்கு எஞ்சுவது யாது? பழைய வேலைவாய்ப்புச் சட்டமே. பிள்ளைப்பேற்றுக்கு முன் மூன்று மாதமேனும் அம்முதலாளியிடம் பணிபுரிந்த தாய்க்கு 12 வார விடுப்பு உண்டு. ஆனால் முதலாளி ஊதியம் தரக் கடமைப்பட்டிருப்பது முதல் எட்டு வாரத்திற்கே. அதுவும் அவருக்கு உயிருடனுள்ள பிள்ளைகள், புதிதாய்ப் பிறந்ததை நீக்கி, இரண்டுக்கும் குறைவாக இருந்தால்தான். எட்டு வாரம், இரண்டு பிள்ளை! குடிமக்களின் குடும்பங்களுக்குச் செல்லாததாகிவிட்ட 1973-ஆம் ஆண்டின் வரம்பு, வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு இன்றும் உயிரோடிருக்கிறது. தந்தைக்கோ சட்டப்படி ஒரு நாளும் இல்லை. ஆண்டுக்கு ஆறு நாள் என்றிருக்கும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் இவர்களுக்கு இரண்டு நாள்தான். 2019 ஏப்ரலுக்கு முன் நிலைமை இன்னும் கடினம். மாதம் 4,500 வெள்ளிக்கு மேல் பெற்ற மேலாளர், நிர்வாகியர்க்கு அச்சட்டமே பொருந்தாததால், ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதே அவர்களுக்கு விதியாயிருந்தது.

ஒப்பந்தத்தின் மதிப்பு இன்றும் குறைந்துவிடவில்லை. ஒன்பதாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை ஊதியம் உண்டா, தந்தைக்கு நிறுவனம் தானாக ஏதேனும் தருகிறதா என்பவற்றைக் கருவுற்ற பின்னர் அன்று, வேலையில் சேரும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுதல் வேண்டும். விடுப்பில் செல்வதற்கு ஒரு வாரமேனும் முன்னதாக அறிவிக்கத் தவறினால், தக்க காரணமின்றேல், ஊதியம் பாதியாகக் குறையலாம். இந்தியச் சட்டம் 2017-இல் 26 வாரமாக்கிவிட்டதே என்பர். ஆனால் சிங்கப்பூர் நிறுவனத்தில் பணிபுரிவோர்க்குச் சிங்கப்பூர்ச் சட்டமே.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். இங்குள்ள மகளுக்காகத் தாயே பெட்டியுடன் வந்திறங்குவதாக அது இக்காலத்தில் மாறியிருக்கிறது. வருகையாளராக வரும் தாய்க்குக் கிடைக்கும் நாள்கள் எட்டு வாரத்தை எட்டுவதில்லை, நீட்டிப்பும் உறுதியன்று. ஆகவே பாட்டியின் வருகையைப் பேற்று நாளுக்கு வைப்பதா, தாய் பணிக்குத் திரும்பும் நாளுக்கு வைப்பதா என்று முன்னரே முடிவு செய்யுங்கள். தந்தை தம் ஆண்டு விடுப்பைச் செலவழியாது சேர்த்து வைத்தலும் நன்று. பிறப்பை 42 நாளுக்குள் இங்கே பதிந்துவிட்டு, இந்தியக் குடியுரிமைக்காக ஓராண்டிற்குள் இந்தியத் தூதரகத்திலும் பதிய வேண்டும்.

இத்திட்டமிடுதலுக்கே வாய்ப்பில்லாதோரும் உள்ளனர். வேலை அனுமதிச் சீட்டில் பணிபுரியும் பெண், குடிமகனையோ நிரந்தரவாசியையோ உரிய இசைவுடன் மணந்தவரல்லாவிடில், இங்கே கருவுறவோ பிள்ளை பெறவோ விதி இடந்தராது. அதே சீட்டில் கட்டுமானப் பணிசெய்யும் நம் ஆடவர் குடும்பத்தை அழைத்துவரவும் இயலாது. ஞாயிறு மாலைகளில் சிராங்கூன் சாலையில் கூடி நிற்போரில் எத்தனையோ பேர், தம் பிள்ளையின் முகத்தை முதன்முதலில் கைபேசியில்தான் கண்டிருக்கிறார்கள்.